பூச்சியம் தசம் ஒண்டு நாலு

ஹஜ் பெருநாள் வந்தா எங்கட ஒழுங்கையில சல்மா உம்மாட வாசல் படலைக்குத்தான் ஆகக் கூடின இறைச்சி பேக் வரும். புருசன் மவுத்து, வயசு ஐம்பது, ஆம்புளப் புள்ள இல்ல, இடியப்பம் புழிஞ்சு பிழைக்கிற பொம்புள. குடுத்து நன்மை எடுக்க இதை விட வசதியான ஆள் கல்முனையில கிடைக்காது. ஒவ்வொருத்தரா வந்து ஒரு சொப்பிங் பேக்கைப் படலையில கொழுவிப் போட்டு, அவ காணுறாவா எண்டு ஒரு பார்வையும் பார்த்திட்டுப் போவாங்க. பேக்குக்குள்ள என்ன இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். எங்கட வீட்டுப் பேக்கைக் கட்டினவ நான்தானே. முள்ளந்தண்டு எலும்பு, சவ்வு, மஞ்சள் கொழுப்பு, எல்லாத்துக்கும் மேல பார்வைக்கு ஒரு நல்ல துண்டு. மத்த நல்ல துண்டெல்லாம் டீப் பிரீசருக்கு. இதை எழுதக்குள்ளயே எனக்கு அருவருப்பாக் கிடக்கு. ஆனாலும் எழுதத்தான் வேணும்.

என்ட பேர் பஹ்மிதா. பொம்புளப் புள்ளையள் படிக்கிற ஒரு ஸ்கூல்ல தரம் பத்துக்கும் பதினொண்டுக்கும் கணக்குப் படிப்பிக்கிறன். வாய் கூடின டீச்சர் எண்டு ஊருல ஒரு பேர் இருக்கு. ஓம், கூடத்தான். பொய்யையும் ஊத்தையையும் பார்த்தா என்ட வாய் சும்மா கிடக்காது. அப்பிடி எண்டுதான் நானும் நினைச்சுக் கொண்டிருந்தன்.

சல்மா உம்மா எட்டாம் ஆண்டோட படிப்பை விட்டவ. பதினேழு வயசில கலியாணம். அவட மாப்புள ஜவுபர் காக்கா நெல் லொறியில மூட்டை ஏத்தி இறக்கிறவர். ஒரு நாள் மூட்டையை இறக்கி வெச்சிட்டு நெஞ்சைப் புடிச்சுக் கொண்டு அதுலயே இருந்தவர், பிறகு எழும்பவே இல்ல. ஒரே மகள் புருசனோட கத்தார்ல. மாசத்தில ரெண்டு தரம் போன்ல முகத்தைக் காட்டுவா.

சல்மா உம்மாட இடியப்பம் மூணு ஹோட்டலுக்குப் போகுது. சுபஹுத் தொழுகை முடியக்குள்ள அவட குசினியில தட்டெல்லாம் அடுக்கி இருக்கும். நூறு கேட்டா நூறு. நூத்தியொண்டு இருக்காது, தொண்ணூத்தொம்பது இருக்கவே இருக்காது. ஒரு ஹோட்டல்காரர் அலுத்துப் போய் ஒரு நாள் கேட்டாராம், ஒண்டு ரெண்டு கூடக் குறைய வந்தா உலகம் அழிஞ்சிருமா ராத்தா எண்டு.

"கூட வந்தா எனக்கு நட்டம் தம்பி. குறைய வந்தா எனக்கு ஹராம். நூறுதான் எனக்கு லேசு" எண்டிருக்கா.

இவ ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு ஹஜ் பெருநாளுக்கு, படலையில தொங்கின பேக்கெல்லாத்தையும் எடுத்துக் கொண்டு போய்க் குசினியில பிரிச்சுக் கொட்டிப் பார்த்திருக்கா. பதினொரு பேக். அதுல கறிக்கு ஆகுற இறைச்சி ஒரு சட்டிக்கும் காணாது. அண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு என்ட வீட்டுக்கு வந்து வாசல் படியில இருந்தா. அழல்ல, கோவப்படவும் இல்ல.

"டீச்சர், நான் மவுத்தாகிறதுக்குள்ள ஒரு தரமாவது குடுக்கிற ஆளா இருக்கணும். ஒரு பங்கு எடுக்கப் போறன்" எண்டா.

அண்டையில இருந்து ஒரு பால்மா டின்னுக்குள்ள சேர்க்கத் தொடங்கினா. இந்த வருசம்தான் டின் நிறைஞ்சுது.

பங்கு எண்டா என்னெண்டு சொல்லணும். ஹஜ் பெருநாளைக்கு ஆடு மாடு அறுத்து இறைச்சியைப் பங்கு வைக்கிறதுதான் குர்பான். ஆடு எண்டா ஒராளுக்கு ஒண்டு. மாடு எண்டா ஏழு பேர் சேர்ந்து குர்பான் குடுக்கலாம். ஏழு பேருக்கு மேல ஒராள் கூடினாச் சரிவராது. ஒருத்தர்ட பங்கு ஏழில ஒண்டுக்குக் குறையவும் கூடாது. இது எங்கட சின்னப் புள்ளையளுக்கும் தெரிஞ்ச சட்டம். எங்கட ஒழுங்கையில அஞ்சாறு பேர் தங்களுக்குள்ள சேர்ந்து ஒரு குர்பான் கமிட்டி வெச்சிருக்காங்க. பள்ளிவாசலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வருசம் நாலு மாடு, இருபத்தெட்டுப் பங்கு. கணக்கும் நிறுவையும் செக்கட்டரிட பொறுப்பு. செக்கட்டரி நளீர். நளீர் என்ட மாப்புள.

நளீருக்கு ஹாட்வெயார் கடை இருக்கு, அதுக்குள்ள ஒரு கம்பியூட்டர் இருக்கு. கம்பியூட்டர் வெச்சிருக்கிறவரைத்தானே எங்கட ஊருல செக்கட்டரியாப் போடுவாங்க. பெருநாளண்டைக்கு அஸர் நேரம் போல அவர் வீட்டுக்கு வரக்குள்ள எங்கட பங்கோட சேர்த்து இன்னொரு பெரிய பேக்கும் வரும். அதுல எலும்பு இருக்காது. தொடை இறைச்சி, ஈரல், நல்ல சிவப்புத் துண்டு.

"கமிட்டியில மிஞ்சினது. செக்கட்டரிக்கு எண்டு எல்லாருமாச் சேர்ந்து தந்தது" எண்டுவார்.

நான் வாங்கிக் கழுவி, டப்பாவில போட்டு, டீப் பிரீசரில அடுக்குவன். கணக்கு டீச்சர். ஒரு வருசமாவது கேட்டிருக்கணும், ஏழு பேருக்குச் சரியாப் பிரிச்ச மாடு எப்பிடி வருசா வருசம் மிஞ்சுது எண்டு. கேக்கல்ல. வாய்க்கு ருசியா இருந்தா கேள்வி வராது போல.

பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கக்குள்ள, பங்குக் காசைக் கட்டின சல்மா உம்மா ஒரு கடதாசித் துண்டோட வந்தா. கமிட்டி எல்லாப் பங்காளிக்கும் குடுக்கிற துண்டு. பேர், மாட்டு இலக்கம், பங்கு எண்டு அச்சடிச்சு, கீழ நளீர்ட கையெழுத்து. நான் மேசையில தரம் பதினொண்டுட பேப்பர் திருத்திக் கொண்டிருந்தன். பாடமும் அதுதான், மீளும் தசமத்தைப் பின்னமா மாத்துறது. முப்பத்தாறு புள்ளையள்ல பதினெட்டுப் பேர் முடியாமப் போற தசமத்துட வாலை வெட்டிப் போட்டு விடை எழுதி இருந்தாளுகள். எனக்கு ஏற்கனவே விசர் புடிச்சிருந்தது.

"டீச்சர், இதை ஒருக்காப் பாருங்க. ஏழில ஒரு பங்கு எண்டுதானே நான் எடுத்தன். இதுல ஏழைக் காணல்லியே."

பார்த்தன். பங்கு எண்டு போட்டு 0.14 எண்டு இருந்துது.

"அது ஏழில ஒண்டுதான் ராத்தா. தசமத்துல எழுதி இருக்காங்க" எண்டன், பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காம.

"தசமம் எண்டா?"

"நூறில பதினாலு எண்டு வைங்கவே."

அவ துண்டைத் திரும்ப ஒருக்காப் பார்த்தா. பிறகு மெதுவாக் கேட்டா.

"எனக்கு வெளங்கின மாதிரிக் கேக்கிறன் டீச்சர், கோவிக்காதீங்க. ஒரு மாட்டை நூறு இடியப்பம் எண்டு வைங்க. எனக்குப் பதினாலா?"

"ஓம்."

"மத்த ஆறு பேருக்கும் பதினாலு பதினாலா?"

"ஓம்."

"அப்ப தொண்ணூத்தெட்டு. ரெண்டு இடியப்பம் தட்டுல கிடக்கு டீச்சர். அது யாருக்கு?"

என்ட கையில சிவப்புப் பேனை இருந்துது. அதை மேசையில வெச்சன்.

"அது வந்து, ஏழில ஒண்டைத் தசமமா எழுதினா முடியாது ராத்தா. போய்க் கொண்டே இருக்கும். அதால ரெண்டு இலக்கத்தோட வெட்டி எழுதுற."

"முடியாததை ஏன் வெட்டின?" எண்டு கேட்டா.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவட முன்னுக்குப் போட்டன். ஒண்டை ஏழால பிரிச்சுக் காட்டினன். ஒண்டு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு. பிறகு திரும்பவும் ஒண்டு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு. அதே ஆறு இலக்கம் திரும்பத் திரும்ப வரும், உலகம் அழியிற கியாமத்து நாள் மட்டும் எழுதினாலும் வரும். முழுக்க எழுத ஏலாது எண்டுதான் முதல் இலக்கத்துக்கு மேல ஒரு குற்றும் கடைசி இலக்கத்துக்கு மேல ஒரு குற்றும் போடுற. அந்தக் குற்றுப் புள்ளி இருந்தா வால் முழுக்க இருக்கு எண்டு அர்த்தம்.

"இதைத் திரும்ப ஏழில ஒண்டாக்க ஏலுமா?" எண்டா.

ஏலும். அதுதானே பாடம். இந்த நீளமான தசமத்தைப் பத்து லட்சத்தால பெருக்கினா முதல் ஆறு இலக்கமும் தசப் புள்ளிக்கு முன்னுக்கு வந்திரும், பின்னுக்கு அதே வால் இருக்கும். அதுல இருந்து பழைய தசமத்தைக் கழிச்சா ரெண்டு வாலும் ஒண்டையொண்டு விழுங்கிப் போயிரும். மிஞ்சுறது என்னெண்டா, தசமத்துட ஒம்பது லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது மடங்கு எண்டது ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தேழு. பெரியதைச் சின்னதால பிரிச்சுப் பார்த்தா மிச்சமில்லாம ஏழு. அப்ப அந்தத் தசமம் ஏழில ஒண்டு.

அவவுக்கு அவ்வளவு பெரிய இலக்கமெல்லாம் புடிபடல்ல. ஆனா ஒண்டு புடிபட்டுது.

"வால் முழுக்க இருந்தாத்தான் ஏழு திரும்பி வரும்."

"ஓம்."

"வாலை வெட்டினா?"

"வெட்டினா நூறில பதினாலு. சுருக்கினா ஐம்பதில ஏழு. ஏழில ஒண்டு எண்டா நாப்பத்தொம்பதில ஏழு."

"ஒரே மாவை நாப்பத்தொம்பதாப் பிடிச்சா உருண்டை பெருசு. ஐம்பதாப் பிடிச்சாச் சின்னன்" எண்டா. எண்டிட்டு அந்தத் துண்டைத் திரும்பக் கையில எடுத்தா. "அப்ப என்ட பங்கு ஏழில ஒண்டுக்குக் குறைவு. அந்த ரெண்டு இடியப்பமும் ஒரு வீட்டுக்குப் போகுது எண்டா இந்த மாட்டுல எட்டாவதா ஒராளும் இருக்கார். ஆறு வருசம் டீச்சர். நான் குடுக்கப் போறது குர்பானா, இல்லாட்டி சும்மா இறைச்சியா?"

எனக்கு எங்கட குசினியில நிக்கிற டீப் பிரீசர் ஞாபகம் வந்துது. அதுட மூடி, அதுக்குள்ள அடுக்கின டப்பா எல்லாம் கண்ணுக்கு முன்னுக்கு வந்துது. அந்த இடத்துலயே சொல்லி இருக்கலாம், எட்டாவது ஆள் யாரெண்டு. சொல்லல்ல. நான் நளீரிட்டக் கதைக்கிறன் ராத்தா எண்டு சொல்லி அனுப்பினன். வாய் கூடின டீச்சராம், தூ.

நளீர் மஃரிப் தொழுதிட்டு வந்து தேத்தண்ணியோட குந்தினார். நான் துண்டு விசயத்தைச் சொன்னன்.

"ஒரு மாட்டுல மிஞ்சுறது ரெண்டு கிலோ. அதுக்கு இந்தக் கண்டறியாத கணக்கெல்லாம் என்னத்துக்கு, பஹ்மி?"

"அந்த ரெண்டு கிலோவைப் பங்காளியளே விரும்பி உங்களுக்குத் தந்திருந்தா சரி. ஏழு பேர்ட பங்குல இருந்து வெட்டி எடுக்கிறீங்க."

"சும்மா எடுக்கல்ல. நான் ஒரு நாள் முழுக்க ரத்தத்துக்குள்ள நிண்டு நிறுக்கிறன்."

"அப்ப அது கூலி. அறுக்கிற ஆளுக்குக் கூட அதுல இருந்து கூலி குடுக்கக் கூடாது எண்டு தெரியாதா உங்களுக்கு?"

அவருக்கு முகம் சுருங்கிச்சுது. தேத்தண்ணியை வெச்சார். பிறகு கடையில சாமான் விக்கிற குரல் வந்துது.

"சரி, 0.143 எண்டு போடுறன். சந்தோசமா?"

"ஏழு தரம் கூட்டிப் பாருங்க. ஒண்டு தசம் பூச்சியம் பூச்சியம் ஒண்டு. மாட்டுல இல்லாத இறைச்சியை எங்க இருந்து வெட்டப் போறீங்க, உங்கட தொடையில இருந்தா?"

"பின்ன என்னத்தைப் போடுற?"

"எந்த இடத்துல வெட்டினாலும் பிழைதான். ஏழில ஒண்டு எண்டு எழுதுங்க. அதை எழுத உங்களுக்கு என்ன நோவு?"

"எழுதித்தான் பார்த்தன். 1/7 எண்டு அடிச்சா கம்பியூட்டர் அதை யூலை முதலாம் திகதி எண்டு மாத்துது. அதாலதான் உன்னட்டக் கேட்டன்."

"என்னட்டயா?"

"அஞ்சு வருசத்துக்கு முந்தி. நீ இதே மேசையில பேப்பர் திருத்திக் கொண்டிருந்த. ஏழில ஒண்டைத் தசமத்துல எப்பிடிப் போடுற எண்டு கேட்டன். பூச்சியம் தசம் ஒண்டு நாலு எண்டு போடுங்க, அது போதும் எண்டு நீதான் சொன்ன. தலையைக் கூடத் தூக்கல்ல."

சொல்லி இருக்கன். எனக்கு ஞாபகமில்ல, ஆனா அது என்ட வார்த்தைதான், என்ட குணம்தான். புள்ளையள் வாலை வெட்டினா ரெண்டு புள்ளி குறைக்கிற கை, வீட்டுல ஒரு மாட்டுட வாலை வெட்டிக் குடுத்திருக்கு. நான் நளீரைப் பார்த்து அருவருத்துக் கொண்டிருந்தன். அந்த அருவருப்பு திரும்பி என்ட மேலயே ஏறிச்சுது. சட்டையில ஊத்தை பட்டா மாத்தலாம், இதை எங்க கழட்டி வைக்கிற.

"பேசாம விடு. அந்த மனிசிட பேக்குல நான் ஒரு ரெண்டு கிலோ கூடப் போட்டு விடுறன். அவ வாய் திறக்க மாட்டா" எண்டார் நளீர்.

இருபது வருசம் இந்த மனிசனோட ஒரு பாயில படுத்திருக்கன். அண்டைக்குத்தான் முதல் முதல் அவர் குடிச்ச கோப்பையைக் கழுவ எனக்கு மனம் வரல்ல.

அடுத்த நாள் அவரே சல்மா உம்மாட படலைக்குப் போய்ச் சொல்லி இருக்கார். அவ படலைக்கு உள்ளுக்கு நிண்டே கேட்டிட்டு, ஒரே வார்த்தையில முடிச்சிட்டா.

"கூடப் போட்டா அது மத்த ஆறு பேர்ட. எனக்கு ஏழில ஒண்டு காணும், தம்பி."

அண்டைக்கே நான் சல்மா உம்மாட துண்டையும் வாங்கிக் கொண்டு கடைக்குப் போய், இன்னும் குடுக்காத மிச்சத்தோட அச்சடிச்ச இருபத்தெட்டுத் துண்டையும் கிழிச்சன். புதுத் துண்டு வெட்டி, ஒவ்வொண்டுலயும் ஏழில் ஒரு பங்கு எண்டு என்ட கையாலயே எழுதினன். நளீர் கையெழுத்து மட்டும் போட்டார். கடைக்கு வந்த ரெண்டு பேர், டீச்சர் இப்ப மாட்டுக் கணக்கும் படிப்பிக்கிறாவா எண்டு சிரிச்சாங்க. அவங்களுக்கும் போன வருசம் பங்கு இருந்துது. தங்கட பங்குல முந்நூறு கிராம் குறைஞ்சது தெரியாமச் சிரிக்கிறவங்களைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல.

ஆனா எழுதினாப் போதாது, நிறுக்கவும் வேணுமே. நளீர்ட மின்சாரத் தராசும் அவர்ட கையும் ரெண்டு தசம தானத்துக்குப் பழகினது.

பெருநாளண்டைக்கு மாடு அறுக்கிறது ஷரிபுதீன் காக்காட வளவில. அவர் இறைச்சிக் கடைக்காரர், நாப்பது வருசமா வெட்டுறவர், கதை குறைவு. தென்னை மரத்துக்குக் கீழ பொலித்தீன் விரிச்சு, ரத்தம் காயாத மண், இலையான் மொய்ச்ச தோல், ஒரு பக்கம் குடல். ஆம்புளையள் சாரத்தை மடிச்சுக் கட்டிக் கொண்டு நிக்கிறாங்க. அந்த இடத்துக்கு எங்கட பொம்புளையள் போறதில்ல. சல்மா உம்மா போனா. கறுப்பு அபாயாவோட வந்து, மூணாம் மாட்டு இறைச்சி குவிச்ச பொலித்தீனுக்குப் பக்கத்துல நிண்டா. நானும் பின்னால போய் நிண்டன். வாடை தாங்கல்ல. முந்தானையால மூக்கைப் பொத்தினன். அவ பொத்தல்ல.

"பொம்புளையளுக்கு இங்க என்ன வேலை?" எண்டு ஒருத்தர் நளீரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மாட்டுல ஏழில ஒண்டு என்ட. அதைப் பார்க்க வந்திருக்கன்" எண்டா சல்மா உம்மா. எண்டிட்டு ஷரிபுதீன் காக்காட்டத் திரும்பினா. "காக்கா, இலக்கம் போடுற தராசு வேணாம். உங்கட கடையில பழைய ரெண்டு தட்டுத் தராசு இருக்குத்தானே. ஏழு கூறு போடுங்க."

ஷரிபுதீன் காக்கா கத்தியைத் துடைச்சார். நளீர்ட முகத்தைப் பார்த்தார், என்ட முகத்தைப் பார்த்தார். பிறகு கடைக்கு ஆளனுப்பித் தராசை எடுப்பிச்சார்.

கடற்கரையில மீன் கூறு போடுற மாதிரித்தான். முதல் கண்ணளவுல ஏழு குவியல். ஒண்டைத் தராசின்ட ஒரு தட்டுல வெச்சு, மத்ததை மத்தத் தட்டுல வெச்சு, கூடினதுல இருந்து ஒரு துண்டை எடுத்து ஒரு பக்கம் போட்டு, முள்ளு நடுவில நிக்கிற மட்டும். எலும்புக்கு எலும்பு, ஈரலுக்கு ஈரல். ஏழும் சரிவந்த பிறகு ஒரு சட்டி இறைச்சி மிஞ்சிச்சுது. மத்த வருசம் எண்டா இதுதான் எங்கட வீட்டுக்கு வாற பேக்.

"மிஞ்சினதையும் ஏழாக்குங்க" எண்டா அவ.

ஏழாக்கினார். ஒரு பிடி மிஞ்சிச்சுது.

"அதையும்."

அதையும் ஏழாக்கினார். நான் மூக்கைப் பொத்தின கையை எடுத்திட்டுப் பார்த்துக் கொண்டு நிண்டன். கரும்பலகையில நான் ஒண்டை ஏழால பிரிக்கக்குள்ளயும் இதுதானே நடக்குது. மிச்சத்தைத் திரும்பப் பிரி, அதுட மிச்சத்தைத் திரும்பப் பிரி. நான் களைச்சு ரெண்டாம் தானத்துல விட்ட வேலையை இந்த மனிசி பொலித்தீன் விரிப்புல நிண்டு முடிப்பிக்கிறா. கடைசியில நகத்தளவு சவ்வு ஒண்டு மிஞ்சிச்சுது. ஷரிபுதீன் காக்கா அதை மதிலுல இருந்த காகத்துக்கு எறிஞ்சார்.

"அந்த எட்டாவது ஆளை நான் பொறுத்துக் கொள்ளுவன்" எண்டா சல்மா உம்மா. ஷரிபுதீன் காக்கா சிரிச்சார். நளீர் சிரிக்கல்ல.

மத்த மூணு மாட்டையும் அப்பிடியே போடச் சொல்லிக் கேட்டது அந்த மாட்டுப் பங்காளியள்தான். காலையில பொம்புளைக்கு இங்க என்ன வேலை எண்டு கேட்டவர் எல்லாருக்கும் முன்னால நிண்டார். அந்த மாதிரி ஆக்களைப் பார்த்தா எனக்கு இன்னமும் அரியண்டம்தான்.

அண்டைக்கு நளீர் வீட்டுக்கு வரக்குள்ள எங்கட பங்கு மட்டும்தான் கையில இருந்துது. அதை மேசையில வெச்சிட்டுப் போய்ப் படுத்திட்டார்.

சல்மா உம்மா தன்ட பங்கைக் கொண்டு போய்க் குசினியில வெச்சு, சின்னச் சின்னக் கூறாப் பிரிச்சு, ஒவ்வொரு பேக்குலயும் எலும்பு, இறைச்சி, ஈரல் எல்லாம் ஒரே அளவாப் போட்டுக் கட்டி, தானே வீடு வீடாக் கொண்டு போய்க் குடுத்திருக்கா. படலையில கொழுவல்ல, கையில குடுத்திருக்கா. அஸருக்குப் பிறகு எங்கட வாசலுக்கும் ஒரு பேக் வந்துது.

"டீச்சர், இது உங்களுக்கு. பக்கத்து வீடுதானே" எண்டா. முகம் அப்பிடி ஒரு வெளிச்சமா இருந்துது. அந்த முகத்துக்கு முன்னால பொய்யா நிக்க எனக்கு ஏலாமப் போச்சு.

கையைப் புடிச்சுக் குசினிக்குக் கூட்டிக் கொண்டு போனன். டீப் பிரீசர் மூடியைத் திறந்தன். போன வருசத்து டப்பா ரெண்டு இன்னமும் அடியில கிடந்துது. மூடியில நளீர்ட எழுத்து, மிஞ்சினது எண்டு.

"எட்டாவது ஆள் நான்தான் ராத்தா. பூச்சியம் தசம் ஒண்டு நாலு எண்டு சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

அவ டப்பாவைப் பார்த்துக் கொண்டு நிண்டா. குளிர் புகை எங்கட ரெண்டு பேர்ட முகத்துலயும் அடிச்சுது.

"எத்தின வருசம்?"

"அஞ்சு."

"அந்த அஞ்சு வருசமும் நான் உங்கட பேக்கை வாங்கி ஆக்கித் தின்டன் டீச்சர்" எண்டா. கோவத்துல சொல்லல்ல. கோவத்துல சொல்லி இருந்தா நான் தாங்கி இருப்பன். "கணக்குப் பாருங்க. எவ்வளவு?"

பார்த்தன். அது ஒண்டுதானே எனக்குத் தெரியும். ஒரு மாட்டுல நூறில ரெண்டு. வருசம் நாலு மாடு, அஞ்சு வருசம், இருபது மாடு. நூறில நாப்பது. அதாவது ஒரு முழு மாட்டுல அஞ்சில ரெண்டு. ஏழில ஒரு பங்கு எண்டு பார்த்தா ரெண்டு தசம் எட்டுப் பங்கு. மூணு பேர்ட குர்பான் பங்குக்குக் கிட்ட எங்கட வீட்டு வயித்துக்குள்ள போயிருக்கு. இது முடிவுறு தசமம். வாலும் இல்ல, குற்றும் இல்ல, எங்கயும் வெட்டித் தப்ப வழியில்ல.

"அந்தப் பங்குக்காரர்ட குர்பான் என்னாச்சுது ராத்தா?" எண்டு கேட்டன். சின்னப் புள்ள மாதிரித்தான் கேட்டன்.

"அவங்க மனசில வெச்ச நிய்யத்து ஏழில ஒண்டுதானே. அதை அல்லாஹ் பார்த்துக் கொள்ளுவான், வேணுமெண்டா மௌலவிட்டக் கேளுங்க. நீங்க தின்ட இறைச்சியை நீங்க திருப்பிக் குடுங்க."

சரி எண்டன். வாற வருசப் பெருநாளைக்கு எங்கட பங்குக்கு மேலதிகமாப் பங்கு எடுத்து, ஒரு துண்டும் வீட்டுக்குக் கொண்டு வராம முழுக்கக் குடுக்கிற எண்டு சொன்னன். சொல்லிக் கொண்டே என்ட வாய் தன்ட வேலையைப் பார்த்துது.

"ரெண்டு தசம் எட்டு எண்டு பங்கு எடுக்க ஏலாது. ரெண்டு எண்டு போடுவம் ராத்தா, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்."

அவ டீப் பிரீசர் மூடியை மூடினா. திரும்பி என்ட முகத்தைப் பார்த்தா.

"டீச்சர், உங்களுக்கு வெட்ட வந்தா எப்பவும் மத்தவன்ட பக்கம்தான் வெட்ட வருமா? மூணு எண்டு போடுங்க."

தான் கொண்டு வந்த பேக்கை மேசையில வெச்சிட்டு அவ போயிட்டா. அடுத்த நாளைக்கு மூணு ஹோட்டலுக்கும் மா வறுக்க இருந்துது. நான் சிவப்புப் பேனையை எடுத்து ஒரு தாளில மூணு எண்டு எழுதி, டீப் பிரீசர் மூடியில ஒட்டினன்.